தீராத நோயில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளையைப் பற்றி இளையோர் நாவல் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் இளையோர் கதை எழுத உட்காருகிறவர்களில் பலர் இந்தக் கருவைத் தொடுகிறார்கள். ஊரே ஆஸ்பத்திரியைச் சுற்றி இருப்பதால் அது இயல்பு. கைப்பிரதியோடு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். முதலில் அடிப்படை, போகப்போகச் சிக்கல்.

இளையோர் நாவல்னா என்ன? சிறுவர் கதை மாதிரி கடைசியில் நீதி சொல்லணுமா?

13 முதல் 18 வயது வரையிலான வாசகருக்கு, அந்த வயதுப் பிள்ளையையே நடுவில் வைத்து எழுதுவது. 30,000 முதல் 45,000 சொற்கள் போதும். பெரியவர் ஒருவர் பழையதைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் தொனி வந்துவிட்டால் அது வேறு வகை நாவலாகிவிடும். இங்கே பாத்திரத்துக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரியாது; சொல்லும் குரலுக்கும் தெரியக் கூடாது.

நீதி வேண்டாம். பதினைந்து வயது வாசகர் அதை மூன்று பக்கத்துக்கு முன்பே மோப்பம் பிடித்துவிடுவார்.

சாகப்போற பிள்ளை கதைன்னாலே அழுகைக் கதையாத்தானே வரும்? எப்படித் தவிர்க்கிறது?

நோயோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஆசையை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மாவின் மகள், பள்ளி கோ-கோ அணியில் தன்னைச் சேர்க்காத பி.டி. டீச்சரிடம் ஒரு தடவையாவது ஜெயித்துக் காட்ட நினைக்கலாம். தோழியிடம் கடன் வாங்கிய முந்நூறு ரூபாயை அம்மாவுக்குத் தெரியாமல் திருப்பித் தர நினைக்கலாம். கதையை நகர்த்துவது இந்த ஆசை. நோய் அதன் குறுக்கே வந்து வந்து விழ வேண்டும்.

அடுத்து, ஒரு குறை கொடுங்கள். தம்பி மேல் பொறாமை, பொய் சொல்லும் பழக்கம், யாரையும் பேசவிடாத குணம், ஏதாவது ஒன்று. நோய் வந்ததும் பிள்ளை ஞானியாகிவிடுவதுதான் இந்த வகைக் கைப்பிரதிகளில் நாங்கள் அதிகம் பார்க்கும் கோளாறு. உண்மையில் எரிச்சல் கூடும், பிடிவாதம் கூடும், ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் நாட்களில் காரணமே இல்லாமல் கோபமும் அழுகையும் வரும். அதை எழுதுங்கள். வாசகருக்குப் பிரியம் தானாக வரும்.

எந்த நோயை வெச்சுக்கிறது? பிளட் கேன்சர்னு போட்டாப் போதாதா?

போதாது. பிளட் கேன்சர் என்பது பல நோய்களுக்கான பொதுப்பெயர். பிள்ளைகளுக்கு அதிகம் வருவது அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகீமியா. அது இன்று பெரும்பாலும் குணமாகக்கூடியது. வசதியுள்ள நாடுகளில் குழந்தைகளில் 10 பேரில் 9 பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். பதின்வயதில் இது கொஞ்சம் குறையும். சிகிச்சை இரண்டரை முதல் மூன்று ஆண்டு வரை நீளும். 'பிளட் கேன்சர், ஆறு மாசம்தான்' என்று முதல் அத்தியாயத்திலேயே டாக்டர் சொல்வது தவறான தகவல். அதே நோயில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒருவர் அதைப் படிக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் கதையில் பிள்ளை இறக்கத்தான் போகிறார் என்றால் சிகிச்சை நடக்கும்போதே நோய் திரும்பி வந்ததாக எழுதுங்கள். அது நிஜமாகவே கடினமான நிலை. எலும்பு மஜ்ஜை மாற்றுவதற்கு ஓர் உடன்பிறப்பு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒரு பங்குதான். தம்பியுடையது பொருந்தி, கொடுத்து, பிறகு நோய் திரும்பினால் அந்தத் தம்பியின் மனம் தனி நாவலுக்கான விஷயம்.

ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று வளரும் வயதில்தான் அதிகம் வரும். பெரும்பாலும் முழங்காலை ஒட்டி. விளையாட்டில் பட்ட அடி என்று நினைத்து எண்ணெய் தடவி உருவிவிட்டு, கட்டுப்போட்டு, மாதக்கணக்கில் தாமதமாவது நம் பக்கத்தில் நடப்பதுதான். ராத்திரி வலி கூடும், ஓய்வெடுத்தாலும் குறையாது. கண்டுபிடிக்கும்போதே நுரையீரலுக்குப் போயிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகவும் சுருங்கும். தசைச்சிதைவு நோயான டூஷென் பையன்களைத் தாக்கும். சுமார் 12 வயதில் நடை நின்றுபோகும், இருபதுகளில் இதயமும் மூச்சும் தளரும். மெதுவான கதைக்கு அது பொருந்தும். வெளிநாட்டுக் கதைகளில் அடிக்கடி வரும், நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை இங்கே கொண்டுவந்து பொருத்த வேண்டாம். நம் வாசகருக்கு அது தெரிந்த நோயே இல்லை, உங்களுக்கும் கேட்டு எழுத ஆள் கிடைப்பது அரிது.

எனக்கு மருத்துவம் தெரியாது. ஒரு கீமோ நாளை எப்படி எழுதுறது?

மருந்தை விட்டுவிட்டுக் காத்திருப்பை எழுதுங்கள். குடியாத்தத்திலிருந்து விடியற்காலைப் பேருந்து. வந்ததும் முதல் வேலை ரத்தம் கொடுப்பது. ஹீமோகுளோபின், வெள்ளையணு, பிளேட்லெட் ஆகியவற்றின் எண்ணிக்கை வந்த பிறகுதான் அன்றைக்கு மருந்து உண்டா இல்லையா என்று தெரியும். வார்டில் எல்லோரும் அதைக் 'கவுண்ட்' என்றுதான் சொல்வார்கள். பிறகு டாக்டர், பிறகு பணம் கட்டும் வரிசை, பிறகு மருந்துக் கடை, பிறகுதான் நாற்காலியோ கட்டிலோ. ஊசிக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று தடவை குத்துவார்கள். வாந்தி வராமலிருக்க முதலில் ஒண்டான்செட்ரான். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து சில நிமிஷத்தில் முடிந்துவிடும். சில மருந்துகள் மணிக்கணக்கில் சொட்டும். பகல் முழுக்கக் காத்திருந்து ஐந்து நிமிஷ ஊசி போட்டுக்கொண்டு திரும்புவதுதான் பல நாட்களின் உண்மையான வடிவம். 'கவுண்ட் கம்மியா இருக்கு, அடுத்த வாரம் வாங்க' என்ற வாக்கியத்தில் ஒரு நாள் கூலி, பேருந்துக் காசு, மகளின் பரீட்சை எல்லாம் போகும்.

கதைக்கு அவசியமான விசை அதற்குப் பிறகு வருகிறது. மருந்துக்குப் பிறகு 7 முதல் 14 நாட்களில் வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே அவசரம். சாதாரண காய்ச்சல் மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்ட்டிபயாடிக் ஏற வேண்டும். குடியாத்தத்தில் ராத்திரி ஒரு மணிக்குத் தெர்மாமீட்டர் 101 காட்டுகிறது, கார் வைத்திருக்கும் சித்தப்பாவோடு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. யார் போன் செய்வது? நோயும் குடும்பமும் இப்படி ஒரே காட்சியில் வந்து முட்ட வேண்டும்.

முடி கொட்டுறது, மூக்குல ரத்தம், ரத்த வாந்தி... சினிமாவுல காட்டுறதெல்லாம் தப்பா?

பாதி சரி. பிளேட்லெட் குறைந்தால் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வரும். ஆனால் அதற்கு முன்பே கணுக்காலுக்கு மேலே குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரியும்; அழுத்தினாலும் மறையாது. எங்கே இடித்தது என்றே தெரியாமல் தொடையில் நீலம் பாரித்திருக்கும். முடி ஒரே ராத்திரியில் போகாது. முதல் மருந்திலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் தலையணையில், சீப்பில், குளியலறைச் சாக்கடை வாயில் என்று கொத்துக்கொத்தாக வரும். பல பிள்ளைகள் அதற்குள் தாங்களே மொட்டை போட்டுக்கொள்வார்கள். நம் ஊரில் மொட்டை என்றால் 'எந்தக் கோயில்?' என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்பது ஒரு நல்ல காட்சி.

சினிமா காட்டாதவைதான் அதிகம். ஸ்டீராய்டில் முகம் உருண்டு போகும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பிரியாணி கேட்கும் பசி வரும். அதே பிள்ளைக்கு வேறொரு வாரத்தில் பிரியாணிக் கடை வாசலைத் தாண்டும்போதே குமட்டும். வாய்ப்புண்ணில் தண்ணீர்கூட எரியும். டாக்சோரூபிசின், டானோரூபிசின் என்ற கீமோ மருந்துகள் ஏறிய நாளில் சிறுநீர் சிவப்பாகப் போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் என்று நினைத்து அலறுவார்கள். வின்கிரிஸ்டின் பாத நரம்பை மரக்க வைக்கும். ரப்பர் செருப்பு காலிலிருந்து நழுவியது தெரியாமல் நாலு அடி நடந்துவிட்டு, பின்னால் வருகிறவர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு திரும்பிப் பார்ப்பாள். அந்த ஒரு வரி, 'அவள் நாளுக்கு நாள் தளர்ந்தாள்' என்ற பத்தியைவிட அதிகம் சொல்லும்.

கதையை வேலூர்ல வைக்கிறேன். சி.எம்.சி. பேரைப் போடலாமா?

சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) பெயரை ஊரின் அடையாளமாகப் போடலாம். தெருவில் நடக்கும்போது கண்ணில் படுவதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிகிச்சை நடக்கும் இடமாக வைத்தால் அங்குள்ள பிரிவுகள், நேரம், வழி, கட்டண முறை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அவை மாறிக்கொண்டும் இருக்கும். கதையில் ஒரு டாக்டர் அலட்சியமாக இருந்தால் அந்தக் குற்றம் நிஜமான இடத்தின் மேல் விழும். 'பெரிய ஆஸ்பத்திரி' என்று பொதுவாகச் சொல்லிவிடுவதோ கற்பனைப் பெயர் வைப்பதோ நல்லது.

காலத்தையும் பாருங்கள். சி.எம்.சி., அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல் வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை அங்கே 1986இல் தொடங்கியது. ராணிப்பேட்டை வளாகம் 2022இல் திறந்தது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி 2005இல் வந்தது. 1980இல் நடக்கும் கதையில் வேலூரில் மஜ்ஜை மாற்றியதாக எழுதினால் தெரிந்தவர்கள் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். மாவட்டப் பெயரும் அப்படித்தான்: 1989 வரை ஒரே வட ஆற்காடு மாவட்டம், 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது.

வேலூர்னா ஆஸ்பத்திரி மட்டும்தானா? ஊரை எப்படிக் கொண்டுவர்றது?

காட்பாடியில் ரயில் இறங்கிப் பாலாற்றுப் பாலம் தாண்டி வருகிறவர்களில் வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் எல்லாம் உண்டு. ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்களில் வங்காள எழுத்தில் பலகை, லாட்ஜ் அறையிலேயே சமையல், கடையில் கடுகு எண்ணெய். உள்ளூர்ப் பிள்ளைக்கு அது தினமும் பார்க்கும் காட்சி. வார்டில் பக்கத்துக் கட்டிலில் மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து வந்த பையன் இருந்தால் இருவருக்கும் பொதுமொழி இல்லை. கைபேசி விளையாட்டு உண்டு. உள்ளூர் பிள்ளைக்கு வீடு ஒரு மணி நேரத்தில் இருக்கிறது, அவனுக்கு இரண்டு நாள் ரயில். இதை இங்கே எழுதுகிறவர்களால்தான் எழுத முடியும்.

திருவிழாவை ஓர் உதாரணம் பார்க்கலாம். மாசி மாதம், சிவராத்திரி முடிந்து பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை. வேஷம் கட்டியவர்கள், தேர், கூட்டம், சுடுகாடு. சாகப்போகும் பிள்ளையை அங்கே கொண்டுபோய் நிறுத்தி மரணத்தைப் பற்றி யோசிக்க வைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். கீமோ நாள் பற்றிய பதிலில் சொன்னபடி, கவுண்ட் இறங்கிய வாரத்தில் அவனால் கூட்டத்துக்குப் போகவே முடியாது. நண்பன் அங்கிருந்து வீடியோ காலில் காட்டுகிறான், சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, படம் உறைந்து உறைந்து வருகிறது, சார்ஜ் போய்விடுகிறது. இவனுக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தை எழுதினாலே போதும்.

வட ஆற்காட்டுப் பேச்சு எவ்வளவு போடலாம்?

உரையாடலில் போடுங்கள், விவரிப்பில் அளவாக. 'இன்னா', 'ஒன்னியும்', 'கீது', 'வந்துகினு', பாட்டிக்கு 'ஆயா' எல்லாம் இங்கே உயிரோடு இருக்கும் சொற்கள். ஆனால் எல்லோர் வாயிலும் ஒரே அளவில் வராது. ஆயா முழுசாகப் பேசுவார். தனியார் பள்ளியில் படிக்கும் பேத்தி வீட்டில் ஒரு மாதிரி, வார்டில் நர்ஸிடம் வேறு மாதிரி பேசுவாள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. குடியாத்தம் பக்கம் தெலுங்கும் உண்டு. அப்பா அம்மாவைக் கூப்பிடும் சொல்லை அந்தந்த வீட்டில் கேட்டு எழுதுங்கள்.

நம்ம வீடுகள்ல பிள்ளைகிட்ட நோய் என்னன்னு சொல்லவே மாட்டாங்களே. அப்புறம் அவன் பார்வையில எப்படிக் கதை சொல்றது?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இது. தமிழில் இந்தக் கருவை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தடையாக நினைக்கிறார்கள். எங்கள் கருத்தில் தமிழ் நாவலுக்கு உரிய கதையே இங்கேதான் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குப் பாதி தெரியும், ஆயாவிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லியிருக்கிறார்கள், பிள்ளையிடம் ரத்தத்தில் சத்து இல்லை என்று. ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நடிக்கிறார்கள்.

பிள்ளைக்கு எப்போதோ தெரிந்திருக்கும். அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் லுகீமியா வார்டில் இருந்த சிறு குழந்தைகளோடு பழகி 1978இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: யாரும் சொல்லாமலே தாங்கள் இறக்கப்போவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, பெரியவர்கள் மறைப்பதால் அவர்களும் தெரியாதது போல நடித்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கே அப்படியென்றால், கையில் போன் வைத்திருக்கும் பதினாறு வயதுக்காரர் மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரைத் தேடிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

ஆகவே 'எப்போது தெரியும்' என்பதற்கு ஒரு தனிக் காகிதம் போடுங்கள். பாத்திரங்களின் பெயரை வரிசையாக எழுதி, யாருக்கு எது எந்த அத்தியாயத்தில் தெரிகிறது, அது தெரிந்தது யாருக்குத் தெரியும் என்று குறியுங்கள். அந்தக் காகிதம்தான் உங்கள் கதைப்பின்னல். வீட்டில் சட்டென்று கதவு சாத்தப்படுவது, மாமா ஊரிலிருந்து காரணமில்லாமல் வந்து நிற்பது, கேட்டதையெல்லாம் வாங்கித் தருவது, திட்டுவதை நிறுத்திவிடுவது எல்லாம் பிள்ளை படிக்கும் அறிகுறிகள். திட்டு நின்றுபோனதுதான் அதிகம் பயமுறுத்தும். காட்சியாக வந்தால் இப்படி இருக்கலாம்:

"இன்னாம்மா சொன்னாரு டாக்டரு?"

"ஒன்னியும் இல்லடா. சத்து கம்மியா கீதாம். நல்லா சாப்டணுமாம்."

ரிப்போர்ட் இருந்த பையை அவன் பார்த்தான். அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி. பஸ்ல ஜன்னலோரம் நான்தான்."

இதில் யாரும் உண்மையைச் சொல்லவில்லை, யாரும் அழவில்லை. மறைப்பு எங்கே உடைகிறது என்பது உங்கள் முடிவு. டாக்டர் வாயால் உடைப்பது எளிது, ஆனால் வலு குறைவு. தம்பியோ பக்கத்துக் கட்டில் பையனோ வாய் தவறிச் சொல்வது இன்னும் நல்லது. பிள்ளையே அம்மாவிடம் 'எனக்குத் தெரியும்' என்று சொல்லும் இடம்தான் எல்லாவற்றிலும் கடினம். முடிந்தவர்கள் அதை எழுதுங்கள்.

'நான்'னு சொல்ற கதை. அவ இறந்துட்டா கடைசி அத்தியாயத்தை யார் சொல்றது?

மூன்று வழி உண்டு. முதலிலிருந்தே தம்பியோ தோழியோ சொல்வது. இதில் மரணத்துக்குப் பின்னும் கதை நிற்கும். அல்லது அவளே சொல்லி, ஓர் இடத்தில் நின்றுபோய், வேறு குரல் தொடர்வது. இப்படிச் செய்வதானால் அந்த இரண்டாவது குரல் நடுவிலும் இரண்டு மூன்று முறை வந்திருக்க வேண்டும். கடைசியில் மட்டும் திடீரென்று வந்தால் ஒட்டுப்போட்டது தெரியும். மூன்றாவது, அவள் உயிரோடு இருக்கும் ஒரு நாளிலேயே முடித்துவிடுவது. எங்களுக்கு இது பிடிக்கும், ஆனால் முடிவை வாசகர் சந்தேகமில்லாமல் உணரும்படி எழுதியிருக்க வேண்டும்.

இறந்த பிறகு மேலே இருந்து பேசுவது வேண்டாம்.

காதல் கட்டாயமா?

இல்லை. நட்பு, அக்கா தங்கை சண்டை, டியூஷன் கூட்டம் எதுவும் நாவலைத் தாங்கும். காதல் வந்தால், அது நோயைத் தணிக்கும் மருந்தாக வர வேண்டாம். நோய் தெரிந்ததும் எதிரில் இருப்பவர் விலகிப்போவதற்கும் உரிமை உண்டு. அப்படி விலகியவரை வில்லனாக்காமல் எழுதிப் பாருங்கள்.

வேண்டுதல், மந்திரிச்ச கயிறு, பப்பாளி இலைச் சாறு இதெல்லாம் எழுதலாமா? மூடநம்பிக்கையைப் பரப்புற மாதிரி ஆகாதா?

எழுதாமல் இருந்தால்தான் பொய்யாகும். ரத்தினகிரி முருகனுக்கு வேண்டிக்கொள்வார்கள், தர்காவுக்கும் போவார்கள், வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொள்வார்கள். ஒரே வீட்டில் மூன்றும் நடக்கும். பாத்திரம் நம்பட்டும். கதை மட்டும் அதற்குப் பலனாக நோயைக் குறைத்துக் காட்டக் கூடாது. பப்பாளி இலைச் சாறு டெங்குக் காலத்தில் பரவிய வழக்கம். லுகீமியாவில் பிளேட்லெட் குறைவது மஜ்ஜையில் நோய் அடைத்துக்கொள்வதாலும் கீமோ மருந்தாலும். சாறு அதை மாற்றாது. வாய்ப்புண்ணோடு இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கசப்பைப் புகட்டும் ஆயாவின் கை நடுங்குவதை எழுதலாம், மறுநாள் கவுண்ட் ஏறியதாக எழுத வேண்டாம். முன்ஜென்ம வினை, பெற்றோர் செய்த பாவம் என்று ஒரு பாத்திரம் சொன்னால், அதைக் கேட்கும் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வலி பத்தி எழுதணும். மார்ஃபின் குடுத்தா சீக்கிரம் செத்துடுவாங்க, அடிமையாயிடுவாங்கன்னு சொல்றாங்களே?

இரண்டும் தவறு. நாவலில் இந்தத் தவறு வந்தால் நிஜமாகவே யாராவது ஒரு பிள்ளைக்கு வலி மருந்து மறுக்கப்படலாம். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சரியான அளவில் கொடுத்தால் மூச்சு நின்றுவிடாது. சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி வரும்வரை காத்திருக்காமல் கடிகாரம் பார்த்துக் கொடுப்பது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் அதிகமாக வரும், பிறகு தெளியும். மலச்சிக்கல் கட்டாயம் வரும். கூடவே அதற்கும் மருந்து தருவார்கள். மில்லிகிராம் கணக்கைக் கதையில் போட வேண்டாம்.

2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மருத்துவத் தேவைக்கு மார்ஃபின் தருவது எளிதானது. என்றாலும் எல்லாக் கடையிலும் கிடைக்காது. மாத்திரை தீர்ந்துபோகும் சனிக்கிழமை மாலை, கிராமத்து வீட்டில் ஓர் அத்தியாயத்தை நடத்தும். வலி குறைந்த பிறகு பிள்ளை என்ன செய்கிறது என்பதையும் காட்டுங்கள்: தம்பியோடு சண்டை போடும், பொரித்த மீன் கேட்கும்.

கடைசி நாட்களை எப்படி எழுதுறது? ஒரு நல்ல வசனம் பேசிட்டுக் கண்ணை மூடுற மாதிரி வைக்கலாமா?

வசனம் வேண்டாம். பெரும்பாலும் கடைசி நாட்களில் தூக்கம் கூடும், சாப்பாடு குறையும், பேச்சு ஒன்றிரண்டு சொல்லில் நிற்கும். கைகாலின் நுனி குளிரும், தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு சில முறை வேகமாக வந்து, நின்று, மறுபடி வரும். அந்த இடைவெளியில் அறையில் இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் மூச்சையும் நிறுத்திக்கொள்வார்கள். தொண்டையில் சளிச் சத்தம் கேட்கும். கேட்பவர்களுக்குத்தான் அது வேதனை, பிள்ளைக்குப் பெரும்பாலும் தெரியாது. சொல்ல வேண்டியதையெல்லாம் இதற்கு முன் சில வாரங்களுக்குள் சொல்ல வையுங்கள்.

'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று சொல்லப்படும் நாள், பயணம், தெருவில் கூடும் ஆட்கள் எல்லாம் நம் பக்கத்துக்கு உரியவை. உறவினர் வரிசையாக வந்து பால் ஊற்றுவார்கள். விழுங்க முடியாத நிலையில் அது மூச்சுக்குழலுக்குள் போகும் என்பதால், பஞ்சை நனைத்து உதட்டை ஈரப்படுத்தச் சொல்வார்கள் நோய்த்தணிப்பு நர்ஸ்கள். பெரியம்மா கையில் பாலாடையோடு நிற்கிறார், அக்கா குறுக்கே பஞ்சை நீட்டுகிறாள். ஒரு வீட்டின் பாசமும் அறிவும் பழக்கமும் அந்த ஒரு கணத்தில் தெரியும்.

மணமாகாதவர் இறந்தால் செய்யும் சடங்கு, புதைப்பதா எரிப்பதா என்பது சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பாத்திரத்தின் வீட்டுக்கு எது வழக்கம் என்று அந்தச் சமூகத்துப் பெரியவரிடம் கேட்டே எழுதுங்கள்.

மனசு கேக்கல. கடைசியில பொழைக்க வெச்சுடலாமா?

பிழைக்கக்கூடிய நோய் நிலையை முதலிலேயே தேர்ந்தெடுத்திருந்தால் தாராளமாக. நோய் எது என்ற பதிலில் சொன்ன அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகீமியாவுக்கு அதுதான் எதிர்பார்க்கத்தக்க முடிவும்கூட. அப்படியான நாவலில் சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையின் கதை எழுதப்படாமலே கிடக்கிறது: ஒரு வகுப்பு பின்தங்கியிருப்பாள், தோழிகள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வீடே நடுங்கும். ஆனால் 'இனி மருந்து இல்லை' என்ற நிலைக்குக் கொண்டுபோய்விட்டு அற்புதத்தால் மீட்பது, அதே நிலையில் இருக்கும் வாசகருக்கு நீ சரியாக வேண்டிக்கொள்ளவில்லை என்று சொல்வதாகிவிடும்.

இந்த மாதிரி புத்தகத்தை நிஜமாவே நோயில இருக்கிற பிள்ளைகிட்ட குடுக்கலாமா? நூலகத்துல வைக்கத் தயங்குறோம்.

கையில் திணிக்க வேண்டாம், எட்டும் இடத்தில் வையுங்கள். பின்னட்டையில் பிள்ளை இறக்கிறது என்பதை மறைக்காமல் எழுதியிருந்தால், படிப்பதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்வார்கள். ஸ்வீடனில் புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், பிள்ளையோடு மரணத்தைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவர்கூடப் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். நேராகப் பேச வாய் வராத வீட்டில் பாத்திரத்தைப் பற்றிப் பேசுவது ஒரு தொடக்கமாக அமையும்.

கதையில் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் முறையை விவரிக்காதீர்கள், தீர்வு போலக் காட்டாதீர்கள். கடைசிப் பக்கத்தில் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 போடுங்கள், தமிழிலும் பேசலாம்.

நிஜமா ஒரு பிள்ளைகிட்ட பேசி அவங்க வாழ்க்கையிலிருந்து எழுதலாமா?

பேசலாம், வார்டுக்குள் நேராகப் போய் நிற்காமல். தெரிந்தவர் வழியாக, பெற்றோரின் சம்மதத்தோடு, பிள்ளையின் சம்மதத்தோடு. இரண்டில் ஒன்று இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மறைப்பு பற்றிய பதில் இங்கே உங்களுக்கும் பொருந்தும்: பிள்ளைக்கு எது தெரியும் என்று பெற்றோரிடம் முதலில் கேட்காமல் உள்ளே போகாதீர்கள், உங்கள் கேள்வி ஒன்றிலிருந்து அவர் நோயைத் தெரிந்துகொள்ளக் கூடாது. பொதுவான விவரம் வேண்டுமானால் சிகிச்சை முடித்து ஐந்தாறு ஆண்டு ஆனவர்களிடமும் நர்ஸ்களிடமும் கேட்பது இன்னும் நல்லது. நர்ஸிடம் முழுக் கைப்பிரதியையும் கொடுக்காமல் வார்டு வரும் மூன்று அத்தியாயத்தை மட்டும் கொடுத்து, 'எங்கே தவறு?' என்று கேளுங்கள்.

பேசிக்கிட்டு இருக்கும்போதே அந்தப் பிள்ளை இறந்துட்டா? நாவலை விட்டுடணுமா?

உயிரோடு இருந்தபோது தந்த சம்மதம் தானாகத் தொடர்வதாக எண்ண வேண்டாம். துக்கத்துக்குப் போங்கள், எழுத்தைப் பற்றிப் பேசாதீர்கள். வருஷத் திதி முடிந்த பிறகு போய்க் கேளுங்கள். அவர்கள் வாயிலிருந்து வந்த பகுதிகளை அச்சுக்கு முன் வாசித்துக் காட்டுங்கள். ஊர், அப்பாவின் தொழில், உடன்பிறந்தவர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் மாற்றிய பிறகும் அக்கம்பக்கத்தவருக்கு அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இன்னும் மாற்ற வேண்டும். அம்மா சரி என்று அப்பா வேண்டாம் என்றால், வேண்டாம் என்பதே முடிவு.

போனில் பதிந்து வைத்திருக்கும் பிள்ளையின் குரல் அந்த வீட்டுக்குச் சொந்தம். ஒரு பென் டிரைவில் போட்டு ஒப்படைத்துவிட்டு, உங்களிடம் இருப்பதை அழித்துவிடுங்கள்.